கண்ணாடிப் பெட்டிக்கு அருகே ஒரு தமிழ்க் குரல்

பாடசாலைச் சுற்றுலா என்றால் அதன் ஒழுங்கு நம் எல்லோருக்கும் மனப்பாடம். சுபஹுக்குப் பிறகு பஸ் புறப்படும். தெஹிவளை மிருகக்காட்சிசாலை, துறைமுகம், காலிமுகத்திடல் என்று ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலின் நடுவே கொழும்பு தேசிய நூதனசாலையும் இருக்கும். வரிசையாக உள்ளே போவோம். வரிசையாக வெளியே வருவோம். வீடு திரும்பிய பிறகு யானையும் கடலும் நினைவில் நிற்கும். நூதனசாலையில் என்ன பார்த்தாய் என்று உம்மா கேட்டால், "பழைய சாமான்கள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம்.

இதில் பிள்ளைகள் மீது குற்றமில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருள் தானாகப் பேசாது. பக்கத்தில் ஒருவர் நின்று, "இங்கே பாருங்கள், இந்த மூலையில் ஏன் தேய்ந்திருக்கிறது தெரியுமா?" என்று கேட்டால்தான் அது பேசத் தொடங்கும். அந்த ஒருவர் நாமாக இருக்கலாம் என்பதே என் கருத்து. உயர்தரம் படிக்கும் மாணவிகள், குறிப்பாகத் தமிழ்மொழியில் கற்கும் நாம், நூதனசாலைகளிலும் ஓவியக் கூடங்களிலும் தொண்டர் வழிகாட்டிகளாக நிற்க முன்வர வேண்டும். பெற்றோர் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

பெயர்ப்பலகை இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கலாம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலம் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாயிற்று. ஆகவே பலகையில் தமிழ் எழுதுவது நமக்குச் செய்யும் சலுகை அன்று, நம் உரிமை. ஆனால் பலகை சொல்வது பெயர், காலம், கிடைத்த இடம் ஆகிய மூன்றையும்தான். "வெண்கலம், 12ஆம் நூற்றாண்டு" என்று வாசித்துவிட்டு ஒரு தரம் 6 மாணவன் என்ன செய்வான்? அடுத்த பெட்டிக்குப் போவான். எழுத்தை வாசித்துவிடலாம், சந்தேகத்தைக் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அதுவும் வீட்டில் பேசும் மொழியில் கேட்கக்கூடிய ஆள் வேண்டும்.

இப்படி ஆள் நிற்கும் வழக்கம் புதிதல்ல. அமெரிக்காவின் பொஸ்டன் நகர நுண்கலை நூதனசாலையில் 1907ஆம் ஆண்டளவில் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்பவர், பார்வையாளருடன் கூடவே நடந்து விளக்கம் சொல்வோரை ஏற்படுத்தினார். கற்பித்தல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அவர்களுக்கு 'டோசன்ட்' என்று பெயர் வந்தது. பின்னாளில் அந்நாட்டின் பல நூதனசாலைகளில் இப்பணியைத் தொண்டர்களே செய்தனர். அதே பொஸ்டன் நூதனசாலையில் 1917ஆம் ஆண்டிலிருந்து 1947இல் காலமாகும் வரை இந்தியக் கலைப் பிரிவில் பணியாற்றியவர் நம் நாட்டவரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அவர் கொழும்பில் பிறந்தது 1877இல். நமது தேசிய நூதனசாலை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். இன்று அந்த நூதனசாலைக்கு அருகே ஒரு வீதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்நாட்டுக் கலையை உலகத்துக்கு விளக்கிய ஒருவரின் பெயர் கொண்ட வீதியால் போகும் நாம், நம் தம்பி தங்கையருக்காவது அதை விளக்கக் கூடாதா?

வழிகாட்டி என்றவுடன், எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர் என்று நினைத்துவிடக் கூடாது. அரை மணித்தியாலத்தில் முப்பது பொருளைக் காட்டினால் ஒன்றும் மனதில் தங்காது. மூன்று பொருள் போதும். முதலில் பார்க்க விட வேண்டும். பிறகு, "என்ன தெரிகிறது?" என்று கேட்க வேண்டும். அதன்பின்தான் சொல்ல வேண்டும். "தொடாதே" என்று அதட்டுவதை விட, நம் விரலில் இருக்கும் உப்பும் எண்ணெய்ப் பசையும் உலோகத்தை மெல்ல மெல்ல அரிக்கும் என்று சொன்னால், பிள்ளை தானாகவே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். பலமான ஒளி ஓவியத்தின் நிறத்தையும் துணியின் சாயத்தையும் வெளிறச் செய்யும் என்று சொன்னால், அந்த அறை ஏன் மங்கலாக இருக்கிறது என்பதும் விளங்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தேசிய நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டு என்று ஒரு கல் இருக்கிறது. ஏறத்தாழ 145 சென்ரிமீற்றர் உயரம். நம்மில் ஒரு தரம் 7 மாணவியின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டு பறவைநாகங்கள் எதிரெதிரே நிற்கின்றன. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் இந்தக் கல்லைச் சீனாவில் செதுக்கி, கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்தவர் செங் ஹே என்ற கடற்படைத் தளபதி. அவர் சீனாவின் யுனான் பகுதியில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1911ஆம் ஆண்டில் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த நிலையில் இக்கல் கண்டெடுக்கப்பட்டது.

அதில் மூன்று மொழிகள் உள்ளன. சீன மொழியில் புத்தபெருமானுக்கான காணிக்கை எழுதப்பட்டிருக்கிறது. தமிழில் தெவிநுவரையில் வணங்கப்பட்ட தெனாவரை நாயனாருக்கான காணிக்கை எழுதப்பட்டிருக்கிறது. பாரசீகத்தில் அல்லாஹ்வைப் புகழ்ந்து எழுதப்பட்டிருக்கிறது. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் நீள்கிறது. அதிகம் தேய்ந்திருப்பது பாரசீகப் பகுதி. அறுநூறு வருடங்களுக்கு முன்னர், தென்னிலங்கைத் துறைமுகம் ஒன்றில் வைப்பதற்கென்று சீனத்தில் செதுக்கிய கல்லில் தமிழும் இருக்க வேண்டும், அரபு எழுத்தும் இருக்க வேண்டும் என்று ஒரு தூரதேசத்தவருக்குத் தோன்றியிருக்கிறது. "நீங்கள் எப்போது இந்த நாட்டுக்கு வந்தீர்கள்?" என்று நம்மிடம் யாராவது கேட்டால் கோபப்படத் தேவையில்லை. இந்தக் கல்லின் முன்னால் அழைத்துப்போய் நிறுத்தினால் போதும்.

சென்ற தவணை விடுமுறையில் என் மாமியின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போயிருந்தேன். உயர்தரத்தில் நான் சித்திரப் பாடம் எடுத்திருப்பதால், படித்ததை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் என் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. மலையகத்திலிருந்து வந்த ஒரு பாடசாலையின் பிள்ளைகள். அவர்களுடைய சேர் அருகில் வந்து, "தங்கச்சி, முதல்ல இருந்து ஒருக்கா சொல்லுங்களேன், எங்கட பிள்ளைகளும் கேக்கட்டும்" என்றார். சொன்னேன். ஒரு சின்ன மகள் எட்டிப் பார்த்து, "அக்கா, தமிழ் இருக்கு, உங்கட எழுத்து இருக்கு, சீனம் இருக்கு. சிங்களம் எங்க?" என்று கேட்டாள். அன்றைய கடல் வாணிபத்தில் கூடுதலாகப் புழங்கிய மொழிகளில் எழுதியிருக்கிறார்கள் என்றேன். "ஆனா சிங்களவங்க கும்பிடுற புத்தரை மறக்கல்ல, அவருக்குத்தான் அந்தப் பக்கத்துல எழுதியிருக்கு" என்று சீனப் பகுதியைக் காட்டினேன். அவள் தலையாட்டிவிட்டுத் தன் தோழியை இழுத்துவந்து, நான் சொன்னதை அப்படியே அவளுக்குச் சொல்லத் தொடங்கினாள்.

அந்தப் பிள்ளை விடியுமுன் எழுந்து எத்தனையோ மணித்தியாலம் பஸ்ஸில் வந்திருக்கும். திரும்பிப் போகும்போது ஒரு கேள்வியையும் அதற்கு ஒரு பதிலையும் கொண்டுபோனாள். அதற்கு நான் செலவழித்தது பதினைந்து நிமிடம். அன்று யாரோ ஒருத்தி தற்செயலாக அங்கே நின்றதால் நடந்தது, ஏன் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒழுங்காக நடக்கக் கூடாது என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் வந்தது.

இந்த எண்ணத்தை வீட்டிலும் வகுப்பிலும் சொன்னபோது நான்கு விதமான தடைகள் வந்தன. அவை நியாயமானவை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும்.

முதலாவது, மார்க்கம் பற்றிய தயக்கம். "சிலைகளுக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வதா?" என்று என் உம்மம்மா கேட்டார். வணங்குவது வேறு, அறிவது வேறு. பூமியில் பயணம் செய்து, நமக்கு முன் வாழ்ந்தோர் விட்டுச் சென்றவற்றைச் சிந்தித்துப் பார்க்குமாறு நம் மார்க்கமே நம்மைத் தூண்டுகிறது. சித்திரப் பாடத்தில் சிலைகளின் அமைப்பைப் பற்றி நாம் பரீட்சைத் தாளில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். தாளில் எழுதலாம், வாயால் சொல்லக் கூடாது என்பது பொருந்துமா? பொலன்னறுவையில் கிடைத்த நடராசர் வெண்கலச் சிலையைக் காட்டும்போது, முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையைச் சொல்லலாம். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஆகவே அதே அச்சில் இன்னொன்று பிறக்காது. இதைச் சொல்வதால் நம் ஈமானுக்கு ஒரு குறையும் வராது. அயலவர் மதிப்பவற்றைப் பற்றி மரியாதையோடு பேசும் பழக்கம் நமக்கு வரும். அப்படியும் மனம் ஒப்பாதவர்கள் இருந்தால், அவர்களுக்கு நாணயங்களும் சீனப் பீங்கான்களும் வாள்களும் கல்வெட்டுகளும் இருக்கவே இருக்கின்றன. கட்டாயப்படுத்தத் தேவையில்லை. முஸ்லிம் நாடுகளும் நூதனசாலையை அந்நியமாக நினைப்பதில்லை. 2008இல் கட்டார் நாட்டின் தோஹாவில் திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலை நூதனசாலை உலகப் புகழ் பெற்றது.

இரண்டாவது, பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு. வாப்பாமார்களின் கவலையை நான் குறைவாக நினைக்கவில்லை. தனியாக எவரும் போக வேண்டாம். இருவர் இருவராகச் செல்லலாம். பொறுப்பாசிரியை ஒருவர் உடனிருக்கலாம். லுஹருக்கு முன்னர் வேலையை முடித்துக்கொள்ளலாம். அது பகல் நேரத்தில் காவலர்கள் நிற்கும், குடும்பங்கள் வந்துபோகும் பொது இடம். மாலை வகுப்புக்குப் போய் இருட்டில் திரும்பி வருவதை அனுமதிக்கும் நாம், காலை வெளிச்சத்தில் நூதனசாலைக்குப் போவதற்கு அஞ்சத் தேவையில்லை.

மூன்றாவது, படிப்பு. "புள்ளி குறைந்தால் யார் பொறுப்பு?" இது எல்லா உம்மாமாரின் கேள்வி. பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கும்போது யாரையும் இழுக்கச் சொல்லவில்லை. உயர்தரத்தின் முதல் வருடத்தில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை போதும். பரீட்சை எழுதிய பின்னர் பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் நாம் வீட்டில் இருக்கிறோம். அந்தக் காலத்தைக் கைத்தொலைபேசி தின்பதை விட, இப்படியொரு வேலைக்குக் கொடுக்கலாம். அதோடு, அறியாத நாற்பது பேரின் முன்னால் நின்று தெளிவாகப் பேசப் பழகியவளுக்கு நேர்முகப் பரீட்சையில் நாக்கு ஒட்டாது. பாடசாலைக் கண்காட்சியில் ஒரு மேசைக்குப் பின்னால் நின்று விளக்கம் சொன்ன எல்லோருக்கும் இது தெரியும். முதல் மணித்தியாலத்தில் நடுங்கிய குரல் மூன்றாம் மணித்தியாலத்தில் நடுங்குவதில்லை.

நான்காவது தடையைச் சொன்னவர் எங்கள் ஆசிரியை ஒருவர். எனக்குப் பதில் சொல்லக் கடினமாக இருந்ததும் அதுதான். "சம்பளமில்லாமல் நீங்கள் செய்தால், சம்பளத்துக்குச் செய்ய வேண்டியவரின் வேலை என்னாவது? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தானே தொண்டு செய்ய முடியும்?" என்றார். உலகத்திலும் இந்த விவாதம் இருக்கிறது. 2021இல் அமெரிக்காவின் சிக்காகோ கலை நிறுவனம், பல வருடங்கள் பயிற்சி பெற்ற எண்பதுக்கும் மேற்பட்ட தொண்டர் வழிகாட்டிகளை நிறுத்தி, சம்பளம் பெறுவோரைக் கொண்ட முறைக்கு மாறத் தீர்மானித்தது. ஊதியமின்றிச் செய்யக்கூடியவர்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள், அதனால் எல்லாச் சமூகத்தவரும் வர முடிவதில்லை என்பது அங்கே எழுந்த ஒரு குறை. இன்னொரு பக்கத்தில், நீண்டகாலம் உழைத்தவர்களை அப்படி அனுப்பியது சரியா என்றும் பலர் கேட்டார்கள்.

இதிலிருந்து நாம் இரண்டு பாடம் எடுக்கலாம். ஒன்று, நாம் யாருடைய வேலைக்கும் மாற்றாக நிற்கக் கூடாது. நம் நாட்டில் அனுமதிப்பத்திரம் பெற்ற சுற்றுலா வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அது அவர்களுடைய பிழைப்பு. வெளிநாட்டுப் பயணிகள் அவர்களுக்குரியவர்கள். நாம் நிற்க வேண்டியது பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தமிழ் பேசும் குடும்பங்களுக்கும் பக்கத்தில், அதுவும் நிர்வாகத்தின் அனுமதியோடு, ஒரு சதமும் வாங்காமல். மற்றது, தொண்டு செய்பவளின் பஸ் காசையும் பகல் சாப்பாட்டையும் அவள் தலையில் போடக் கூடாது. அதைப் பழைய மாணவிகள் சங்கம் போன்ற ஓர் அமைப்பு பொறுப்பேற்றால், தச்சுவேலை செய்பவரின் மகளும் வியாபாரியின் மகளும் ஒரே இடத்தில் நிற்கலாம்.

ஆகவே என் யோசனை பெரிதல்ல. முதல் வருடத்துக்குப் பன்னிரண்டு மாணவிகள் போதும். ஆளுக்கு மூன்று பொருள். ஆறு கிழமை பயிற்சி. சித்திரம், வரலாறு, தமிழ் ஆகிய மூன்று பாட ஆசிரியைகளும் எழுதிய குறிப்புகளைத் திருத்தித் தருவார்கள் என்று நம்புகிறேன். அதிபர் ஊடாகத் தேசிய நூதனசாலைகள் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதி அனுமதி கேட்கலாம். ஒரு தவணை செய்து பார்த்து, பிள்ளைகள் கேட்ட கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், அடுத்த வருடம் வருபவர்களுக்கு அதுவே பாடநூலாகும்.

கொழும்பில் இல்லாதவர்கள் இது நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். கண்டியில் தேசிய நூதனசாலை இருக்கிறது. காலிக் கோட்டைக்குள் கடல்சார் நூதனசாலை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தொல்பொருள் நூதனசாலை இருக்கிறது. நம் சமூகத்தின் பழைய வாழ்க்கையைக் காட்டும் பூர்வீக நூதனசாலை காத்தான்குடியில் இருக்கிறது. அங்கெல்லாம் வாசலால் நுழையும் பிள்ளைகள் ஒரே மாதிரியான பிள்ளைகள்தான்.

கொழும்பு நூதனசாலையைப் பற்றி நம் பிள்ளைகள் அறிய வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. தேசாதிபதி சேர் வில்லியம் கிரகறியின் காலத்தில், ஜேம்ஸ் ஸ்மிதர் வரைந்த திட்டப்படி அந்த வெள்ளை மாளிகையைக் கட்டி எழுப்பியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம். பரிசாக என்ன வேண்டும் என்று தேசாதிபதி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைக்க வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாக நம் பெரியவர்கள் சொல்வார்கள். நெடுங்காலம் அது வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டே இருந்தது. அந்தக் கட்டடத்தின் சுவரை நம்மவர் ஒருவர் எழுப்பினார். உள்ளே இருக்கும் கல்லில் நம் மார்க்கத்தின் எழுத்து இருக்கிறது. நாம் பேசும் மொழியும் இருக்கிறது. விருந்தாளி போல ஓரமாக நடந்துவிட்டு வருவதற்கு அது அந்நியர் வீடல்ல.

1815க்குப் பின் இங்கிலாந்துக்குப் போன கண்டி அரசரின் சிம்மாசனம் 1934இல்தான் திரும்பி வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் கண்டியிலிருந்து கொண்டுபோகப்பட்ட லெவ்கேயின் பீரங்கி உள்ளிட்ட ஆறு பொருட்களை நெதர்லாந்து 2023ஆம் ஆண்டின் இறுதியில் திருப்பித் தந்தது. போன பொருட்கள் இப்படி ஒவ்வொன்றாக வீடு வந்து சேர்கின்றன. வந்தவற்றின் கதையைப் பிள்ளைகளுக்கு அவர்களின் மொழியில் சொல்ல ஆள் இல்லாவிட்டால், வந்து என்ன பயன்?

பெற்றோரே, உங்கள் மகள் ஒரு சனிக்கிழமை காலையில் இந்தப் பணிக்காக அனுமதி கேட்டு வந்தால், "அதால் என்ன கிடைக்கும்?" என்று உடனே கேட்டுவிடாதீர்கள். ஒருமுறை நீங்களும் கூடவே வந்து, கூட்டத்தின் கடைசியில் நின்று அவள் சொல்வதைக் கேளுங்கள். தோழியரே, இவ்வருடம் உயர்தரத்தில் காலடி வைத்திருக்கும் தங்கையரே, பெயர் தர விரும்புபவர்கள் தமிழ் மன்றத்தின் அறிவித்தல் பலகையில் எழுதி வையுங்கள். முதல் பெயரை நான் எழுதியிருக்கிறேன். இன்னும் பதினொரு பெயர்கள் வேண்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த தவணையில் தொடங்குவோம்.